ஏழு பிரிவுக்கு ஐந்து பூஞ்சை

புல்லுக்கு வருகிற துருநோயைப் பார்த்திருப்பீர்கள். இலையெங்கும் செம்பழுப்பாகப் பொடி பூத்திருக்கும். விரலால் தொட்டால் செங்கல் தூள்போல ஒட்டிக்கொள்ளும். அந்தத் துருவின் மேலேயே குடியேறி, அதன் சாற்றை உறிஞ்சி, அதைச் சாகடிக்கிற இன்னொரு பூஞ்சையும் உண்டு. உருப்பெருக்கியில் பார்த்தால் செம்பொடிக்கு நடுவே கடுகைச் சிந்தினாற்போலக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஆக, புல்லைத் துரு தின்கிறது. துருவைக் கரும்புள்ளிப் பூஞ்சை தின்கிறது. கரும்புள்ளிப் பூஞ்சையை வைத்து ஒரு பெரிய கூட்டமே தின்றுகொண்டிருந்த இடத்துக்குப் பெயர் புல்துரு ஆராய்ச்சி நிறுவனம்.

துருவை ஒழிக்கவென்றே கட்டிய அந்த நிறுவனத்தின் இரும்புக் கதவு துருப்பிடித்துப் பாதிதான் திறக்கும். அதைச் சரிசெய்யச் சொல்லி யாரோ ஒருமுறை கேட்டதற்கு, இது புல்லில் வந்த துரு இல்லை, இரும்பில் வந்த துரு, ஆகவே நிறுவனத்தின் வரம்புக்குள் வராது என்று பதில் வந்ததாம். அன்று முதல் எல்லாரும் ஒருக்களித்தே உள்ளே போனார்கள்.

நம் கதை அங்கே ஆய்வாளராக இருந்த ஒருவரைப் பற்றியது. அவரை எல்லாரும் 'சரிங்க' என்றே அழைத்தார்கள். மேலதிகாரி எதைச் சொன்னாலும், சொல்லி முடிக்குமுன்பே அவர் வாயிலிருந்து வருகிற சொல் அது. நல்ல மனிதர். கெட்டிக்காரர்கூட. ஆனால் பயந்தவர். தன் அறையில் தனியாக இருக்கும்போதே, யாராவது கூப்பிட்டால் எழுந்துகொள்ள வசதியாக நாற்காலியின் விளிம்பில்தான் உட்காருவார்.

அந்த நிறுவனத்துக்கு ஒரு வேதவாக்கு இருந்தது. கரும்புள்ளிப் பூஞ்சை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் இன்றைய இயக்குநர் வாலிபராக இருந்தபோது அதைக் கண்டெடுத்து, வளர்த்து, பாட்டிலில் அடைத்து, 'துருக்கொல்லி' என்று பெயர் வைத்தார். பாட்டிலின் மேல் அவருடைய அந்தக் காலத்துப் படம் இருக்கும், தலை நிறைய முடியோடு. வாரத்தின் முதல் நாள் காலையில் ஊழியர்கள் எல்லாரும் கூடத்தில் எழுந்து நின்று, "ஒரே புல், ஒரே துரு, ஒரே தீர்வு" என்று சொல்லிவிட்டுத்தான் தேநீர் குடிக்கப் போவார்கள்.

துருக்கொல்லியின் இருபதாம் ஆண்டு விழா வரவிருந்தது. எங்கே எடுத்தாலும் இந்தப் பூஞ்சை ஒன்றேதான் என்று மரபணுவே சாட்சி சொன்னால் மேடைக்கு நன்றாக இருக்கும் என்று இயக்குநருக்குத் தோன்றியது. வேலை சரிங்கவிடம் வந்தது. ஆற்றங்கரை, சாலையோரம், விளையாட்டுத் திடல், மலைச்சரிவு என்று பல இடத்துப் புல்லிலிருந்து பூஞ்சையை எடுத்து மரபணுவைப் படித்து, எல்லாம் ஒன்றே என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரவேண்டும். சும்மா ஒரு சடங்கு என்றுதான் சொன்னார்கள். அவர் செய்த ஒரே தப்பு, அதை உண்மையாகவே செய்ததுதான்.

முடிவு வந்த காலையில் கணினித் திரையில் ஒரு வம்சக்கொடி விரிந்தது. ஒரே கோடாக இருக்கவேண்டியது நாலு கிளையாகப் பிரிந்து நின்றது. ஆற்றங்கரைப் பூஞ்சையும் மலைச்சரிவுப் பூஞ்சையும் பங்காளிகள் என்றுகூடச் சொல்ல முடியாத தூரம். ஒரு கிளைக்காரன் இன்னொரு கிளைக்காரனின் துருவை ஏறெடுத்தும் பார்க்கமாட்டான் போலிருந்தது. பாட்டிலில் இருந்த பூஞ்சையோ ஓர் ஓரத்தில், சின்னக் குச்சிபோன்ற ஒரு கிளையில், தனியாகக் குந்தியிருந்தது. அதற்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் உறவுதான்: இயக்குநர் அறைக்கு வெளியே இருந்த அழகுப் புல்தரையில் எடுத்த பூஞ்சை. அதாவது, இருபது வருஷமாக நாடெங்கும் உழவர்கள் தங்கள் வயலில் தெளித்துக்கொண்டிருந்தது இயக்குநரின் சன்னலுக்கு வெளியே மட்டுமே வேலை செய்கிற மருந்து.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் விஞ்ஞானி துள்ளிக் குதிப்பான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். சரிங்க குதிக்கவில்லை. முதலில் திரையை அணைத்தார். பிறகு கதவைச் சாத்தினார். சாத்தின கதவு சந்தேகத்தைக் கிளப்புமே என்று மறுபடி திறந்துவைத்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்துவிட்டதே என்று நாற்காலி விளிம்பில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருக்கு முன் அந்த அறையில் இருந்தவர் துருக்கொல்லியைப் பற்றி ஏதோ ஒரு கேள்வி கேட்டார் என்று அவரை உவர்நில நிலையத்துக்கு மாற்றினார்கள். அது புல்லே முளைக்காத உப்பு மண்ணில் கட்டின புல் ஆராய்ச்சி நிலையம். போனவர் அங்கிருந்து மாதாமாதம் "இம்மாதமும் இங்கே துருநோய் இல்லை" என்று எழுதி அனுப்புவார். நோயை அறவே ஒழித்த நிலையம் என்று அதற்கு மூன்று தடவை விருதும் கொடுத்தாயிற்று. விருது வாங்க வந்தபோது அந்த மனிதரைப் பார்த்தவர்கள், அவர் யாரைக் கண்டாலும் பச்சையாக ஏதாவது இருக்கிறதா என்று சட்டைப் பையைப் பார்க்கிறார் என்று சொன்னார்கள்.

அன்று மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது, வீட்டுச் சுவரையே வேறு கண்ணால் பார்த்தார். நிறுவனத்துக் குடியிருப்பு அது. வேலை போனால் வீடும் போகும். மருந்துக் கடையில் மருந்தாளராக இருந்த அவர் மனைவி அன்று விடுப்பு. அவர் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்பதற்கு யாரும் இவ்வளவு வேர்த்துப்போக மாட்டார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய அண்ணனிடமிருந்து போன் வந்தது.

மச்சான் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். மாட்டுக்கென்று தீவனப்புல் போட்டிருந்தார். அந்தப் புல்லில் துரு வந்துவிட்டது. தங்கையின் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற இடத்து மருந்தாயிற்றே என்று துருக்கொல்லியை வாங்கி இரண்டு தடவை தெளித்துவிட்டார். துருவோ முன்னைவிடச் செழிப்பாக இருந்தது.

"மாப்ளே, தப்பா நெனைக்காதீங்க. நான்தான் சரியாத் தெளிக்கலையோ என்னமோ," என்றார் மச்சான். "ஒரு நடை வந்து பார்த்துட்டுப் போங்க. மாடுங்க அந்தப் புல்லை மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்குதுங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இப்படிப் பணிவாகச் சொன்னதுதான் சரிங்கவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

மறுநாள் துறைத்தலைவியிடம் போனார். எல்லாரும் மேடம் என்று அழைக்கிற அந்த அம்மாள் அவர் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, சோதனையில் பிழை இருக்கும், மறுபடி செய்யுங்கள் என்றார். சரிங்க என்றார் இவர். மறுபடி செய்தார். இந்தமுறை பிழை வந்துவிடக் கூடாதே என்று இன்னும் இரண்டு இடத்துப் புல்லையும் சேர்த்துக்கொண்டார். நாலு கிளை ஐந்து கிளையாயிற்று.

மேடத்தின் முகம் வெளுத்தது. "இனிமே சோதனை பண்ணாதீங்க," என்றார். "நீங்க பண்ணப் பண்ண அது குட்டி போடுது."

விஷயம் அதற்குள் மாடி ஏறிவிட்டது. ஒருமைப்பாட்டுக் குழு என்று ஒன்றை அவசரமாக அமைத்து, சரிங்கவை அதன்முன் வரச்சொன்னார்கள். நீள மேசை, அந்தப் பக்கம் ஒன்பது பேர், இந்தப் பக்கம் அவர் ஒருவர். அவருக்குப் போட்டிருந்த நாற்காலி மற்றவற்றைவிடக் கொஞ்சம் தாழ்வு. மேசைக்கு மேல் அவருடைய மூக்குக்கு மேற்பட்ட பகுதிதான் தெரிந்தது.

முதலில் நிர்வாக அதிகாரி பேசினார். நிறுவனத்தின் இருப்பில் இருபது வருஷமாக ஒரு பூஞ்சைதான் இருக்கிறது, இப்போது ஐந்து என்கிறார்கள், மிச்சம் நாலை உள்ளே கொண்டுவந்தது யார் என்று கேட்டார். அவை வெளியில்தான் இருக்கின்றன, புல்லில், எப்போதும் இருந்தன என்று சரிங்க முணுமுணுத்தது மேசைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை.

"சரக்கு குறைஞ்சா திருட்டு. அதுக்கு விதி இருக்குது," என்றார் நிர்வாக அதிகாரி. "கூடினா என்ன பண்றதுன்னு விதியே கிடையாது. விதியே இல்லாத ஒரு குத்தத்தை ஒருத்தர் செய்யறார்னா, அவருக்கு எவ்வளவு துணிச்சல் இருக்கணும்?"

பிறந்ததிலிருந்து தன்னைத் துணிச்சல்காரர் என்று யாரும் சொல்லிக் கேட்டிராத சரிங்கவுக்குக் கால் வெடவெடவென்று ஆடியது. மேசையின் காலும் சேர்ந்து ஆடியதால், குழுவினரின் தேநீர்க் கோப்பைகள் கிலுகிலுத்தன. அதை அவர்கள் எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு இயக்குநர் எழுந்தார். மெதுவாக, வருத்தமான குரலில் பேசினார்.

"நான் வேறுபாட்டுக்கு எதிரி இல்லை. இங்க வேறுபாட்டை என்னைவிட மதிக்கிறவங்க யாரும் கிடையாது. கார் நிறுத்தற எடத்துல எனக்கு மட்டும்தான் கூரை, உங்க யாருக்கும் இல்லை. அதை நான் என்னைக்காவது மறைச்சேனா? வேறுபாடு இருக்கட்டும். ஆனா எல்லா வேறுபாடும் ஒரே மாதிரி இருக்கணும். அதுதான் அறிவியல். இந்தப் பூஞ்சை என் பிள்ளை. இருபது வருஷமா வளர்த்திருக்கேன். இன்னைக்கு ஒருத்தர் வந்து, இதுக்கு அப்பன் அஞ்சு பேருன்னு சொல்றார்."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் அந்தச் சிரிப்பை இருமலாக மாற்றப் பட்ட பாட்டைக் குழு முழுக்க அமைதியாகப் பார்த்தது.

தீர்ப்பு என்று ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம். அடுத்த நாளிலிருந்து வாசல் காவலர்கள் அவரைச் சோதனை போட்டார்கள். வெளியே போகும்போது அல்ல, உள்ளே வரும்போது. புதிய பூஞ்சை எதையும் கொண்டுவந்துவிடக் கூடாதாம். செருப்பைக் கழற்றித் தட்டினார்கள். சட்டைக் காலரைத் தூரிகையால் துடைத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் அவர் உட்கார்ந்த மேசையிலிருந்து ஆட்கள் எழுந்து போனார்கள், பூஞ்சை தொற்றும் என்பதுபோல. உவர்நில நிலையத்துக்காரர் ஓய்வு பெறப்போகிறார், இடம் காலியாகிறது என்று ஒரு பேச்சு நடமாடியது. சரிங்கவுக்கு எடை குறைந்தது. குளியலறையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூட யாரோ நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தமாகக் கேட்டது.

அந்த ஞாயிறு காலை மனைவியோடு மச்சான் வீட்டுக்குப் போனார்.  நடு வயல் முழுக்கச் செம்பொடி. நடந்தால் கால்சட்டை சிவந்தது. ஆனால் வரப்பை ஒட்டினாற்போல, மருந்து எட்டாத நாலு ஓரத்திலும், துரு மங்கிச் சாம்பல் பூத்திருந்தது. பையிலிருந்து லென்சை எடுத்துக் குனிந்து பார்த்தார். கறுப்புப் புள்ளிகள். பளபளவென்று, சுறுசுறுப்பாக, துருவின் நெஞ்சில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. இந்தப் புல்லுக்கு, இந்தத் துருவுக்கென்றே பிறந்த பூஞ்சை. மருந்தை நிறுத்தி விட்டுவைத்தால் காற்றும் மழையும் அதை நடு வயலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மச்சான், வயலை அடியோடு அறுத்துக் கொளுத்திவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார்.

"ஓரத்தை மட்டும் அறுக்காதீங்க மச்சான்," என்றார் சரிங்க.

"ஏன் மாப்ளே?"

பாட்டிலில் இருப்பது உங்கள் புல்லுக்கு உதவாது என்று சொல்லவேண்டிய இடம் அது. வாய் வரைக்கும் வந்தது. வரப்பில் ஒரு ஆள் சைக்கிளில் போனான்; அவன் நிறுவனத்து ஆளாக இருந்தால்?

"பார்க்க அழகா இருக்குது," என்றார்.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அண்ணன் மாட்டைப் பிடிக்கப் போனதும், எங்கள் கடையில் தலைவலிக்கு வந்தவனுக்குக் கண்டதையும் கொடுத்து, பாட்டில் அழகாக இருக்கிறது என்று சொன்னால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டாள். பிறகு அவளே அண்ணனிடம் போய், அந்த மருந்தை இனித் தொடாதே, ஓரத்தைத் தொடாதே, காரணம் கேட்காதே என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் பேசுகிறவரை சரிங்க மாட்டுத் தொழுவத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அதற்கடுத்த வாரம் மேலிடத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் நிறுவனத்தைப் பார்வையிட வந்தார். கூடத்தில் எல்லாரும் வரிசையாக நின்று, "ஒரே புல், ஒரே துரு" என்று ஆரம்பித்தார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இதெல்லாம் பழைய காலம், இப்போது உலகம் முழுக்கப் பன்மைக்குத்தான் மதிப்பு, மரபணு வேறுபாடு இல்லாத நிறுவனத்துக்கு இனி நிதி கிடையாது என்று சொல்லிவிட்டு, "உங்ககிட்ட எத்தனை வகைப் பூஞ்சை இருக்குது?" என்று கேட்டார்.

இயக்குநர் இமைகூடக் கொட்டவில்லை. "அஞ்சு," என்றார். "இப்போதைக்கு."

கடைசி வரிசையில் நின்ற சரிங்கவுக்கு அன்று வந்த பயம் முன்பு வந்த எதைப்போலவும் இல்லை. அவர் சொன்னதைப் பொய்யென்று நினைத்து மிரட்டினார்கள் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தார். மெய்யென்று தெரிந்தேதான் மிரட்டியிருக்கிறார்கள். எண்ணிக்கைகூட மனப்பாடம்.

மறுநாள் காலை வாசலில் அவரைச் சோதனை போட்டார்கள், ஏதாவது புதிதாகக் கொண்டுவந்திருக்கிறாரா என்று ஆசையோடு. இல்லை என்றதும் காவலர் முகம் வாடியது. கூடத்தில் "பல புல், பல துரு, பல தீர்வு" என்று எல்லாரும் சொன்னார்கள். நாக்கு பழகாததால் பாதிப் பேர் "ஒரே பல" என்று உளறினார்கள். ஒருமைப்பாட்டுக் குழுவை அதே ஒன்பது பேரோடு பன்மைக் குழு என்று மாற்றினார்கள். இந்தமுறை சரிங்கவுக்கு மற்றவர்களுக்குச் சமமான நாற்காலி. கால் தரையில் பாவாமல் தொங்கியது.

பன்மையை எல்லாப் பிரிவுக்கும் சமமாகப் பங்கிடவேண்டும் என்பது முதல் தீர்மானம். பிரிவுக்கு ஒரு பூஞ்சை. அங்கேதான் சிக்கல். நிறுவனத்தில் பிரிவுகள் ஏழு: நோய், புல், தோட்டம், கணக்கு, வாகனம், பாதுகாப்பு, விழா. பூஞ்சை ஐந்துதான். புல்தரைப் பூஞ்சை எங்கள் புல்தரையில் பிறந்தது, எங்களுக்கே என்று தோட்டப் பிரிவு அடித்துப் பிடித்து வாங்கிக்கொண்டது. மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சரிங்கவின் அறைக்கு வந்து காதைக் கடித்தார்கள். வாகனப் பிரிவுத் தலைவர் வேகமாகப் பரவுகிற வகையாக ஒன்று வேண்டுமென்றார். பாதுகாப்புப் பிரிவுத் தலைவரோ இடத்தைவிட்டு நகராத வகையாகப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார். கணக்குப் பிரிவுத் தலைவர் உட்கார்ந்து அழுதேவிட்டார். எல்லாருக்கும் பூஞ்சை இருந்து தனக்கு மட்டும் இல்லையென்றால் வீட்டில் எப்படி முகத்தைக் காட்டுவது என்றார்.

துருக்கொல்லி பாட்டிலுக்குப் புதுத்தாள் அச்சடித்து வந்தது: 'ஏழு வகைப் பூஞ்சை அடங்கியது.' உள்ளே இருப்பது பழைய ஒன்றுதானே என்று சரிங்க மேடத்திடம் மெல்லக் கேட்டார்.

"தாள்லதானே சேர்த்திருக்கோம்," என்றார் மேடம். "உள்ள சேர்த்தாத்தான் அனுமதி வாங்கணும்."

விழா நெருங்கியது. இயக்குநர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேடமும் நிர்வாக அதிகாரியும் அங்கே இருந்தார்கள். இரண்டு பூஞ்சை குறைகிறது என்றார்கள். கண்டுபிடிக்கவேண்டியவை, இயற்கையில் எங்கே இருக்கின்றனவோ தெரியாது, நாளாகும் என்று சரிங்க இழுத்தார். இயக்குநர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, உவர்நில நிலையத்தில் இப்போது காற்று நன்றாக வீசுகிறதாமே என்றார். நிர்வாக அதிகாரி ஆமாம் என்றார். எங்காவது ஓர் இடம், நினைவுபடுத்திப் பாருங்கள் என்றார் மேடம். மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். சரிங்கவின் காதுக்குள் உப்புக் காற்று ஊளையிட்டது.

"எங்க மச்சான் வயல் ஓரத்துல..." என்றார்.

சொல்லி முடித்தபிறகுதான் சொன்னது இன்னதென்று அவருக்கே விளங்கியது. கொஞ்சம் எடுத்தால் போதும், ஓர் இலை, இரண்டு இலை என்று பின்னாலேயே சொல்லிக்கொண்டு நடந்தார். சரி சரி என்று அவர்கள் அவரிடம் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

இரண்டு நாள் கழித்து மச்சான் போனில் கூப்பிட்டார். குரலில் மகிழ்ச்சி.

"மாப்ளே, உங்க ஆளுங்க வண்டி எடுத்துட்டு வந்திருக்காங்க. ஓரத்தையெல்லாம் சுத்தமா வழிச்சு எடுத்துட்டிருக்காங்க. நீங்கதான் அனுப்புனீங்கன்னு சொன்னாங்க. ரொம்ப நன்றி மாப்ளே. பெரிய மருந்து ஏதோ வரப்போவுதுன்னு நெனைக்கிறேன்."

சரிங்க எழுந்தார். யாரிடமும் சொல்லாமல், பாதி திறந்த கதவு வழியே ஒருக்களித்து வெளியேறி, கிடைத்த ஆட்டோவில் ஏறினார்.  திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தார். குரல் வராததால் ஆட்டோ நேராகவே போயிற்று.

வயலில் வாகனப் பிரிவின் வேன் நின்றது. தோட்டப் பிரிவு ஆட்கள் அரிவாளும் மண்வெட்டியுமாக மூன்று ஓரத்தை வேரோடு பெயர்த்துத் தட்டுத்தட்டாக அடுக்கிவிட்டிருந்தார்கள். ஏழு பிரிவுக் கண்காட்சிக்கும் கொடுக்க, கெட்டுப்போனால் மாற்ற, மாற்றினது கெட்டால் வைக்க என்று எடுத்தார்களாம். சாம்பல் பூத்து, நோயை வென்றுகொண்டிருந்த புல் முழுக்க வெயிலில் வாடிக் கிடந்தது. நடு வயல் சிவப்பு மட்டும் பத்திரமாக இருந்தது. அது அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மச்சான் வேலையாட்களுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் இருந்தது வாய்க்கால் ஓரம் ஒன்றுதான். அதற்கு முன்னால் மேடம் குடை பிடித்து நின்று, இது ஏழாவது வகையாக இருக்கும், இதையும் எடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவன் அரிவாளோடு குனிந்தான்.

சரிங்க வரப்பில் ஓடினார். கால் தடுக்கி முழங்காலில் விழுந்து எழுந்தார். குனிந்தவனுக்கும் புல்லுக்கும் நடுவில் போய் நின்றார். நெஞ்சு அடித்துக்கொண்டதில், சட்டைப் பையில் இருந்த பேனா துடித்தது வெளியே தெரிந்தது.

"மேடம், இது வேண்டாம்," என்றார். "இது நம்ம புல்தரைப் பூஞ்சை. அதே வகை."

மேடம் குடையைச் சற்றுத் தூக்கினார். "சோதிச்சீங்களா?"

"பார்த்தாலே தெரியுது மேடம்."

பார்த்தால் தெரியாது. எந்தக் கண்ணுக்கும் தெரியாது. கறுப்புப் புள்ளி எல்லாம் கறுப்புப் புள்ளிதான். மரபணுவைப் பிரித்துப் படித்தால் ஒழிய அண்ணன் யார், அந்நியன் யார் என்று கடவுளுக்கே தெரியாது. துறைத்தலைவியாக இருக்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. அவர் இரண்டடி முன்னால் வந்து குனிந்து பார்த்தார். சரிங்கவுக்குக் கண் இருட்டியது. இதோ, இப்போது கேட்கப்போகிறார். இன்றோடு எல்லாம் முடிந்தது.

"ஆமாம்," என்றார் மேடம் நிமிர்ந்து. "அதேதான். நானும் நெனைச்சேன்." பிறகு ஆட்களைப் பார்த்து, "விடுங்க. இருக்கறதையே மறுபடி கொண்டுபோனா இருப்புல கூடிடும், நிர்வாக அதிகாரி சத்தம் போடுவார்," என்றார்.

வேன் போன புழுதி அடங்குகிறவரை சரிங்க அங்கிருந்து நகரவில்லை. மச்சான் குடத்தோடு பக்கத்தில் வந்தார். வழித்தெடுத்த மூன்று ஓரத்தையும் நிற்கிற ஓர் ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மருந்து எதுவும் வரப்போவதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்கவேண்டும்.

"எனக்கு வைத்தியமே அந்த ஓரம்தானா மாப்ளே?"

"ஆமா மச்சான்."

"அவங்களுக்கு எடத்தைச் சொன்னது யாரு?"

"நான்தான்."

 மச்சான் குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வெகுநாள் அவர் தங்கையோடு மட்டும் பேசினார்; மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. சரிங்கவும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை.

விழா பிரமாதமாக நடந்தது. ஏழு கண்ணாடிப் பெட்டி, ஏழு பெயர்ப்பலகை. ஆறாவதிலும் ஏழாவதிலும் மச்சான் வயல் புல் கருகிக் கிடந்தது. மரபணுவைப் படிக்குமுன்பே பூஞ்சை செத்துவிட்டது; ஆகவே அது புதிய வகை இல்லையென்று யாரும் நிரூபிக்க முடியாது என்று இயக்குநர் மேடையில் பெருமையோடு சொன்னார். கணக்குப் பிரிவுத் தலைவர் தன் பெட்டிக்கு முன்னால் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டார். பன்மையைக் கவனித்துக்கொள்ள எட்டாவதாக ஒரு பிரிவு தொடங்குவதாகவும், அதற்குச் சரிங்கவே தலைவர் என்றும் அறிவித்தார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் நிர்வாக அதிகாரி அவர் காதருகே குனிந்து, எட்டாவது பிரிவுக்கு எட்டாவது பூஞ்சை எப்போது வரும் என்று கேட்டார். சரிங்க சிரிக்க முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் பயம் இரண்டு மடங்காயிற்று. புதியதைக் கண்டுபிடிக்காவிட்டால் என்ன செய்வார்களோ என்று ஒன்று. வாய்க்கால் ஓரத்தை யாராவது உண்மையாகவே சோதித்துப் பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று இன்னொன்று. உண்மையைச் சொன்னதற்காகப் பயந்த மனிதர், இப்போது பொய் சொன்னதற்காகவும் பயந்தார். ஆனால் இந்த இரண்டாவது பயத்தை மட்டும் மனைவியிடம் சொன்னபோது, அவள் முதல்முறையாக அவருடைய அடிபட்ட முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

மழை பெய்தது. காற்று வாய்க்கால் பக்கமிருந்து வீசியது. மச்சான் வயலில் பாதியை உழுதுவிட்டார். கன்றுகளை விற்றுவிட்டு மாடுகளுக்குத் தீவனம் வாங்கினார். மீதிப் பாதி கிடந்தது.

ஒருநாள் காலை, எட்டாவது பிரிவின் புது அறையில், புது நாற்காலியின் விளிம்பில் சரிங்க உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"மாப்ளே," என்றார் மச்சான். அத்தனை நாள் கழித்து அந்த வார்த்தை. "நடு வயல்ல செவப்பு மங்குது. குனிஞ்சு பார்த்தா கறுப்புக் கறுப்பா புள்ளி தெரியுது. மாடு வாய் வைக்குது. நீங்க ஒரு நடை வந்து பாக்கறீங்களா?"

சரிங்க எழுந்து, நடைவழியில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, வாயை அதன்மேல் ஒட்டவைத்துச் சொன்னார்:

"வர்றேன் மச்சான். கட்டாயம் வர்றேன். ஆனா போன்ல அவ்வளவு சத்தமாச் சொல்லாதீங்க."